கடன் தம்பிக்கு, போன் பெரியப்பாவுக்கு

பர்சனல் லோன் ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கட்டங்கள் இருக்கும். ரெஃபரன்ஸ் 1, ரெஃபரன்ஸ் 2. பெயர், உறவுமுறை, செல் நம்பர். திண்டுக்கல்லில் கோர்ட்டுப் பக்கம் நான் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், மனு, ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் உண்டு. இந்தக் கட்டங்களை யோசித்து நிரப்பிய ஆளை நான் பார்த்ததே இல்லை. சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பார்கள். இந்த இடம் வந்ததும் செல்லைத் தடவி, குடும்பத்திலேயே மரியாதையான ஆள் யாரோ அவர் நம்பரைச் சொல்வார்கள். ரிட்டயர்டு வாத்தியார், தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற மாமா, போலீஸில் இருக்கிற மச்சான். பெரிய இடத்து நம்பர் கொடுத்தால் லோன் சீக்கிரம் பாஸ் ஆகும் என்று ஒரு நம்பிக்கை. டியூ தவறினால் அதே மரியாதைதான் கம்பெனிக்குப் பிடிமானம்.

என் சித்தப்பா மகன் அப்படித்தான் எங்கள் பெரியப்பா நம்பரைக் கொடுத்திருந்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஆர்டர் குறைந்து வேலை போனது. அடுத்தடுத்து இரண்டு டியூ பவுன்ஸ். பெரியப்பாவுக்குப் போன் வந்தது. மிரட்டல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஒரு பெண் குரல், நல்ல தமிழ்.

“வணக்கம் சார். உங்க தம்பி மகன் எங்ககிட்ட லோன் எடுத்துருக்காங்க. ரெண்டு மாசமா கட்டலை. போன் எடுக்க மாட்டேங்குறாங்க. நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கட்டிருவாங்க சார்.”

அவ்வளவுதான். பெரியப்பா முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சித்தப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அவன் மாமனார் வீட்டுக்கும் தெரியும். அவன் பெண்டாட்டிக்கே அதுவரை வேலை போனது தெரியாது. அந்தப் பெண் ஒரு விதியையும் மீறியதாகக் காட்டுவது கஷ்டம். நான் சொல்ல வந்தது இதைத்தான். அடாவடியைச் சட்டம் ஓரளவுக்குத் தடுக்கிறது. அமைதியாக, மரியாதையாக, ஊருக்குச் சொல்லிவிடுவதைத் தடுக்கவில்லை. நம் குடும்பங்களில் கடன்காரனை வீழ்த்துவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைதான்.

பெரியப்பா முதலில் என்னிடம் கேட்டது, “ஏண்டா, அவன் கட்டலைன்னா என் பென்ஷன்ல பிடிப்பானா?” என்பதுதான். பிடிக்க முடியாது. ரெஃபரன்ஸ் வேறு, ஜாமீன் வேறு. ஜாமீன்தாரர் என்றால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டவருக்கு 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128 பொருந்தும். கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே அளவு அவருக்கும் உண்டு. அவரிடம் கம்பெனி நேராகவே வந்து கேட்கலாம். ரெஃபரன்ஸாக நம்பர் கொடுக்கப்பட்டவருக்கு ஒரு பைசா பொறுப்பு கிடையாது. அண்ணன், தம்பி, மாமனார், ஏன், சேர்ந்து கையெழுத்துப் போடாத பெண்டாட்டிக்குக்கூடக் கிடையாது.

அப்பா வாங்கிய கடன் பிள்ளை தலையில் என்பது நம் ஊரில் வேர்விட்ட எண்ணம். அதற்கு ஒரு காலத்தில் சட்டத்திலேயே இடம் இருந்தது. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனுடைய தர்மக் கடமை என்று பழைய இந்துச் சட்டம் சொன்னதைக் கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தன. பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் அது போகும். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்த அதே 6-ஆம் பிரிவில், இந்தத் தர்மக் கடமையையும் முடித்துவைத்தார்கள். பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அப்பன் கடனைக் காட்டி மட்டுமே மகனைப் பிடிக்க முடியாது என்ற உட்பிரிவு பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு, இறந்தவர் விட்டுப்போன சொத்து வாரிசு கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை. ஆனால் கருமாதி முடியும் முன்பே மகனுக்குப் போன் வருகிறது, அவனும் அம்மா நகையை அடகு வைத்துக் கட்டுகிறான். அதைச் சட்டம் கேட்கவில்லை. சாவு வீட்டில் நாலு பேர் முன்னால் கடன்காரன் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் கேட்கிறது.

சரி, ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது?

2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதியிட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. சொல்லாலோ செயலாலோ மிரட்டக் கூடாது. எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது, கடன்காரரின் குடும்பத்தார், ரெஃபரன்ஸ், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவது, மொபைலிலும் சமூக வலைத்தளத்திலும் தகாத மெசேஜ் அனுப்புவது எல்லாம் துன்புறுத்தலாகவே கருதப்படும். சின்ன அளவுக் கடன்களுக்கு, அதாவது குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஜாமீன் இல்லாமல் கொடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு, அதே வருஷம் மார்ச்சில் வந்த விதி இன்னும் இறுக்கம். அங்கே நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. உறவினரையோ நண்பரையோ கூட வேலை பார்ப்பவரையோ தொந்தரவு செய்வதும், கடன்காரர் பெயரை வெளியிடுவதும் கடுமையான வசூல் முறை என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாமே தொந்தரவு, தலையீடு, அவமானம் என்ற சொற்களில்தான் நிற்கிறது. ஒரு தடவை போன் செய்து ‘சார், கொஞ்சம் சொல்லுங்க’ என்றால் அது தொந்தரவா? கம்பெனி இல்லை என்கிறது. அவர் போன் எடுக்காததால் தொடர்புகொள்ள முயன்றோம் என்று ஒரு வரி. என் தம்பி கொடுத்த புகாருக்கும் அந்த வரிதான் பதிலாக வந்தது.

இதே இடத்தில் அமெரிக்கக்காரன் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறான். அங்கே 1977-ல் வந்த கடன் வசூல் நடைமுறைச் சட்டப்படி, வசூல் ஏஜென்ட் மூன்றாம் நபருக்குப் போன் செய்யலாம், ஆனால் கடன்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்க மட்டும். அவருக்குக் கடன் இருக்கிறது என்று சொல்லவே கூடாது. எந்தக் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்பதைக்கூட எதிராளி வாய்விட்டுக் கேட்டால் மட்டும்தான் சொல்லலாம். பொதுவாக ஒரு தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது. அங்கேயும் மீறுகிறவர்கள் இல்லாமல் இல்லை, வழக்குகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் ‘கடன் இருக்கிறது என்று என் பெரியப்பாவிடம் சொன்னார்கள்’ என்று நிரூபித்தாலே கேஸ் நிற்கும். இங்கே, எப்படிச் சொன்னார்கள், எத்தனை தடவை சொன்னார்கள், திட்டினார்களா என்றெல்லாம் நிரூபிக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை நம் வங்கிகளுக்கும் உண்டு. எனக்குத் தெரிந்து அதில்தான் கொஞ்சம் பிடி கிடைக்கும். ‘என்னைத் தொந்தரவு செய்தார்கள்’ என்று எழுதுவதைவிட, ‘என் கடன் தொகையையும் பாக்கியையும் என் அனுமதி இல்லாமல் இன்ன நம்பரில் உள்ள மூன்றாம் நபரிடம் இத்தனை மணிக்குச் சொன்னார்கள்’ என்று எழுதினால் பதில் கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அவமானப்பட்டது பெரியப்பா, ஆனால் புகார் கொடுக்க வேண்டியது தம்பி. ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் திட்டம், அதாவது வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ஏற்பாடு, வாடிக்கையாளருக்கானது. பெரியப்பா அந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் இல்லை. அவர் நம்பரைக் கொடுக்க அவரிடம் யாரும் சம்மதம் வாங்கவில்லை. அவர் சார்பில் தம்பி கட்டத்தை நிரப்பி, கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் அடித்துவிட்டான். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின, அதுவும் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகிறது. பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு ஒரு நாள் அது பயன்படலாம். இப்போதைக்கு அவருக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் வழி. ‘நல்லாத்தானே பேசியிருக்காங்க சார்’ என்று ரைட்டர் கேட்டால், இவரிடம் பதில் இல்லை.

மரியாதையாகப் பேசுகிறவர்களைப் பற்றியே இவ்வளவு நேரம் சொன்னேன். லோன் ஆப் கும்பல் வேறு ரகம். கொரோனா சமயத்தில் பெருகியவை. ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ன் தொடக்க மாதங்களில் கணக்கெடுத்தபோது கிட்டத்தட்ட 1,100 கடன் ஆப்களைப் பார்த்தது, அவற்றில் 600 சட்டவிரோதமானவை. ஆப்பை இறக்கியதும் காண்டாக்ட், கேலரி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். 5,000 ரூபாய் கேட்டால் பிடித்தம் போக மூவாயிரத்துச் சொச்சம் வரும், ஏழாவது நாள் முழுசாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் போனில் உள்ள அத்தனை நம்பருக்கும் மெசேஜ்.

அந்த மெசேஜ்களை பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வருவார்கள். ஒரு பெண் பிள்ளை வந்தது, நர்சிங் படிக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டை அது நேராக என்னிடம் காட்டவில்லை. ‘அண்ணா, நீங்க பார்க்காம எடுத்துத் தர முடியுமா?’ என்று கேட்டது. செல்லைக் கம்ப்யூட்டரில் மாட்டி, எந்த ஃபோல்டர் என்று சொல்லிவிட்டு, அதையே என் நாற்காலியில் உட்காரவைத்து பிரிண்ட் கொடுக்கச் சொன்னேன். மெஷினில் தாள் வர வர ஒவ்வொன்றாகக் குப்புறத் திருப்பி வைத்துக்கொண்டது. ஆதார் போட்டோவை வேறு யாருடைய உடம்போடோ ஒட்டி, அதன் மாமா, வார்டன், கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். காசு வேண்டாம் என்றேன். எடுத்துக்கொண்டு எஸ்.பி. ஆபீஸ் போனது.

இந்த மாதிரி விஷயத்தில் சட்டத்தில் பஞ்சமே இல்லை. மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 351, மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308, ஆபாசப் படத்துக்கு ஐ.டி. சட்டம் 67. 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், கேலரி பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டது. 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் அதே தடையைப் போட்டது. குறை சட்டத்தில் இல்லை. யார் மேல் போடுவது? வாட்ஸ்ஆப் நம்பர் வேறு யார் பெயரிலோ, கணக்கு இன்னொருவர் பெயரிலோ இருக்கும், ஆப் வாரத்துக்கு ஒரு பெயர் மாற்றும். ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இரண்டே விஷயம். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இப்போதே போன் போடு. வீட்டில் யார் ஒருத்தரிடம் தைரியமாகப் பேச முடியுமோ அவரிடம் நீயே முதலில் சொல்லிவிடு. மாமாவிடம் அது ஏற்கெனவே சொல்லியிருந்தது. அவர்தான் வெளியே டிவிஎஸ் எக்ஸெல்லில் காத்திருந்தார்.

குழுக் கடன் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே ஒரு பத்தி. மைக்ரோ ஃபைனான்ஸில் சொத்து ஜாமீன் கிடையாது. பத்துப் பெண்கள் சேர்ந்த குழுதான் ஜாமீன். ஒருத்தி கட்டவில்லை என்றால் மீட்டிங்கை முடிக்க மாட்டார்கள், மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். சமையல் கிடக்கிறது, பிள்ளை ஸ்கூல்விட்டு வந்துவிடும். ஒன்பது பெண்களும் எழுந்து அவள் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி அவள் நாத்தனார், இன்னொருத்தி ஓரகத்தி. கலெக்‌ஷன் பையன் தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான், வாயே திறக்கவில்லை. அந்த விதியில் உள்ள ‘கடுமையான முறை’ பட்டியலை வைத்து இதில் எதைச் சொல்லி அவன்மேல் புகார் எழுதுவது என்று எனக்கே புரிவதில்லை. உறவுக்காரர்களைத் தொடர்புகொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல், உறவுக்காரர்களையே வசூலுக்கு ஆளாக்கிவிட்ட ஏற்பாடு அது.

இந்தக் குழுக் கடன் நெருக்கடியில்தான் 2010-ல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. 2025 பிப்ரவரியில் கர்நாடகம். அந்த ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் பணம் கடன் கொடுக்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் மசோதா நிறைவேறியது. கடன் வாங்கியவரை மட்டுமல்ல, அவர் குடும்பத்தாரை மிரட்டுவது, பின்தொடர்வது, அவமதிப்பது எல்லாம் அதில் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். குடும்பத்தாரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது நல்லது. ஆனால் 2003-லேயே கந்து வட்டித் தடைச் சட்டம் போட்ட மாநிலம் இது. மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் எல்லாம் தடை. அதற்குப் பதினாலு வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி பெண்டாட்டி பிள்ளைகளோடு தீ வைத்துக்கொண்டார். பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை என்று அப்போது செய்தி வந்தது. அதனால் புதுச் சட்டம் வரும்போதெல்லாம் நான் தண்டனையைப் பார்ப்பதில்லை, மனுவை எந்த மேஜையில் யார் வாங்குவார் என்று பார்க்கிறேன்.

வசூல் செய்கிறவர்களையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் கடைக்கு வரும் ஒரு பையன் ஏஜென்சியில் டெலிகாலர். பி.காம். முடித்தவன். காலையில் சிஸ்டத்தைத் திறந்ததும் டயலர் தானாகக் கூப்பிட ஆரம்பிக்கும். கடன்காரர் எடுக்கவில்லை என்றால் திரையில் அடுத்த நம்பர் ரெஃபரன்ஸ்தான். ‘அண்ணே, அதுல கடன்காரன், ரெஃபரன்ஸுன்னு வித்தியாசமே தெரியாது, நம்பர்தான் வரும்’ என்றான். வசூல் ஏஜென்ட் என்றால் 100 மணி நேரப் பயிற்சியும், டிகிரி படித்தவர் என்றால் 50 மணி நேரமும், அதற்கொரு பரீட்சையும் உண்டு. அதைக் கேட்டதும் அவன் சிரித்தான். மாசக் கடைசியில் டார்கெட் முடியவில்லை என்றால் அவனுக்கே வசவு, அதுவும் எல்லோர் முன்னாலும்.

2022-ல் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் டிராக்டர் கடனுக்காக வண்டியைப் பிடிக்க வந்தபோது, அதே டிராக்டரின் கீழ் சிக்கி விவசாயியின் மகள் இறந்தார், கர்ப்பிணி. கடன் அவர் பெயரில் இல்லை. அந்தக் கம்பெனி வெளி ஏஜென்ட் வைத்து வசூல் செய்வதை ரிசர்வ் வங்கி உடனே நிறுத்தியது. சில மாதங்களில் தடை நீங்கியது.

இனி நான் தட்டச்சு செய்து கொடுக்கும் புகாரில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் புகார் எப்போதும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, இ-மெயிலில். கூப்பிட்ட நம்பர், தேதி, நேரம், யாரிடம், என்ன சொன்னார்கள். பெரியப்பாவையும் தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி அதை இணைப்பேன். அவர் புகார்தாரர் இல்லை, சாட்சி. ஏஜென்சியின் பெயரும் ஏஜென்டின் அங்கீகாரக் கடிதமும் கேட்க வேண்டும். வசூல் அழைப்புகளைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு 2008-லிருந்தே விதி, அந்தப் பதிவைத் தரச் சொல்லி ஒரு வரி. இந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம் மற்ற எந்தப் பத்திக்கும் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற ஆன்லைன் புகார் தளத்தில் ஆம்புட்ஸ்மேனுக்கு. சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448. கம்பெனி ரிசர்வ் வங்கியில் பதிவானதாக இருந்தால்தான் இந்த வழி. கூடவே, எவ்வளவு கட்ட முடியும், எப்போது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்வேன். கடனே இல்லை என்று யாரும் சொல்லவில்லையே.

என் தம்பிக்கு மன்னிப்புக் கடிதம் வந்தது, ‘ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று. பெரியப்பா நம்பரை நீக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு ஒரு வரி இல்லை. நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. லோன் கொடுக்கும் அன்றைக்கே ரெஃபரன்ஸ் நம்பருக்கு ஒரு ஓடிபி போகட்டும். ‘இன்னார் உங்கள் நம்பரைக் கொடுக்கிறார், சம்மதமா’ என்று அந்த ஆளையே கேட்கட்டும். பாதிப் பேர் மாட்டேன் என்பார்கள், கம்பெனிகள் அதனால்தான் செய்யாது.

இதற்கிடையில் உங்களுக்கு அப்படி ஒரு போன் வந்தால்: பதற வேண்டாம், அவன் எங்கே இருக்கிறான் என்றும் சொல்ல வேண்டாம். ‘நான் ஜாமீன் கையெழுத்துப் போடலை. உங்க பேர், ஏஜென்சி பேர், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுதான்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்’ என்று பேனாவை எடுங்கள். பெரியப்பாவுக்கு இதைப் பழக்கிவிட்டேன். போன மாசம் வேறு யாருடைய கடனுக்கோ, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நபரைக் கேட்டு அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஹெட்மாஸ்டர் குரலில் பேரைச் சொல், இனிஷியலோடு சொல் என்றிருக்கிறார். எதிர்முனையில் வைத்துவிட்டார்களாம்.